வருடா வருடம் ஏசி கேஸ் குறைகிறது, டாப்-அப் போட்டுக்கொண்டே இருக்கலாமா?

வேலூர்_வெயில்
வணக்கம். 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். போன கோடையில் கூலிங் இல்லை என்று பக்கத்துக் கடையில் கேஸ் ஏற்றினேன், கொஞ்ச மாதம் நன்றாக இருந்தது, அப்புறம் பழையபடி. இந்த வருடமும் அதே கதைதான், காலையில் ஓரளவு குளிர்கிறது, மதியம் வெறும் காற்று. "கேஸ்னா தீரத்தான் செய்யும் சார், வருஷம் ஒரு தடவை போட்டுக்கணும்" என்கிறார் கடைக்காரர். உண்மையா? ஆன்லைனில் 450 கிராம் கேன் கிடைக்கிறது, ஹோஸும் கேஜும் வாங்கி நானே போட்டுவிடலாமா?

ஹைவே_மணி
கேஸ் பக்கம் போவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். பைபாஸில் ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடாகிறதா? அப்படியென்றால் முதலில் கண்டன்சர் (வண்டியின் முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியே விடுகிற காயில்) ஃபேனைப் பாருங்கள். ஏசி போட்டதும் அது சுற்ற வேண்டும். ரிலேயோ மோட்டாரோ போயிருந்தால் எவ்வளவு கேஸ் அடித்தாலும் பலன் இல்லை. கண்டன்சர் முழுக்க மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தாலும் இதே கோளாறுதான். ஆரம்பத்தில் ஜில்லென்று வந்து போகப் போகக் காற்றே குறைந்தால் அது வேறு: டாஷ்போர்டுக்கு உள்ளே இருக்கிற கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது, இல்லை கேபின் ஃபில்டர் அடைத்திருக்கிறது.

கோவை_கேஜ்
கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை நண்பரே. மூடிய சுற்றில் அதே கேஸ்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. ஹோஸ் வழியாகவும் கம்ப்ரஸர் சீல் வழியாகவும் பல வருடங்களில் கொஞ்சம் கசியும், அது இயல்பு. சில மாதத்தில் கூலிங் போகிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது, அதைப் பிடிக்காமல் டாப்-அப் போடுவது காசைக் காற்றில் விடுவதுதான்.

நீங்களே போடுவதில் என்ன சிக்கல் என்றால், உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேஜ் சொல்லாது. வண்டி ஓடாமல் 35 டிகிரியில் நிற்கும்போது ஆர்134ஏ என்கிற கார் ஏசி கேஸ் கிட்டத்தட்ட 115 பிஎஸ்ஐ காட்டும், உள்ளே 200 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் அதே எண்தான், ஏனென்றால் திரவம் கொஞ்சமாவது இருக்கும்வரை அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை. ஓடும்போது வருகிற ரீடிங்கும் வெயிலுக்கும் ஆர்பிஎம்முக்கும் ஏற்ப மாறும். அதனால் மிச்சத்தை மெஷினில் உறிஞ்சி எடுத்து, வேக்கம் போட்டு (பம்ப் வைத்து உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் இழுத்து), பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் எழுதியிருக்கிற கிராம் அளவைத் தராசில் நிறுத்து ஏற்றுவதுதான் முறை. அதிகம் போனாலும் கூலிங் குறையும், கம்ப்ரஸருக்கும் பாரம்.

வேக்கத்தை ஐந்து நிமிடத்தில் முடிக்க விடாதீர்கள், அரை மணி நேரமாவது ஓடட்டும். நல்ல வேக்கத்தில் உள்ளே இருக்கிற ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியே வந்துவிடும். தங்கிப்போன ஈரம், கூலிங் காயிலுக்கு முன்னால் கேஸ் பாய்கிற குறுகிய வழியான எக்ஸ்பேன்ஷன் வால்வில் ஐஸாக அடைக்கும், நாளடைவில் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்பாகங்களை அரிக்கும்.

கேஜ் உதவாது என்று சொல்லவில்லை, கோளாறைப் புரிந்துகொள்ள அது வேண்டும். கம்ப்ரஸருக்குள் கேஸ் வருகிற பக்கம் லோ சைடு, அழுத்தி வெளியே தள்ளுகிற பக்கம் ஹை சைடு. இரண்டு பக்கமும் அழுத்தம் குறைவு என்றால் பெரும்பாலும் கேஸ் குறைவு. இரண்டும் ஏறி நின்றால் கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று, அல்லது கண்டன்சர் சூட்டை வெளியே விடவில்லை. லோ சைடு ஏறி ஹை சைடு இறங்கியிருந்தால் கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது. லோ சைடு வேக்கத்துக்கே போனால் வழியில் அடைப்பு.

வேலூர்_வெயில்
நன்றி சார். ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. கிரில் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன், கண்டன்சரின் கீழ் மூலையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பாக மண் ஒட்டியிருக்கிறது. கடைக்காரர் வேக்கம் போட்டு நிறுத்தியபோது கேஜ் முள் அசையவே இல்லை, லீக் கிடையாது என்று சொன்னாரே?

கோவை_கேஜ்
அந்தப் பிசுக்குதான் துப்பு. கம்ப்ரஸர் ஆயில் கேஸோடு சேர்ந்தே ஓடுவதால், கேஸ் கசிகிற இடத்தில் ஆயிலும் வெளியே வந்து தூசியைப் பிடித்து வைக்கும். முன்னால் இருப்பதால் கல் அடிபடுவதும் கண்டன்சர்தான்.

முள் அசையாததை நம்ப முடியாது. வேக்கத்தில் வெளிக்காற்று உள்ளே தள்ளுவது சுமார் 15 பிஎஸ்ஐதான், அதுவும் எதிர்த் திசையில். ஓடும்போது ஹை சைடில் 200 பிஎஸ்ஐக்கு மேல் போகிறது, சின்ன ஓட்டை அப்போதுதான் திறக்கும். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை வைத்துப் பார்க்கிற கடையாகத் தேடுங்கள், கேஸ் ஏற்றுகிற சர்வீஸ் போர்ட் வால்வு பின்னிலும் ஒரு சொட்டு நுரை வைக்கச் சொல்லுங்கள், மூடி தொலைந்த வண்டிகளில் பலமுறை லீக் அங்கேயேதான் இருக்கும். கண்டன்சர் மாற்றுவதாக இருந்தால் ஓ-ரிங் (இணைப்பு ரப்பர் வளையம்), ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர் இரண்டும் புதிதாகப் போடச் சொல்லி, பழைய கண்டன்சரோடு போகிற ஆயிலுக்கு ஈடாக, கம்பெனி சொல்கிற வகையில் சொல்கிற அளவு சேர்க்க வேண்டும்.

ஹைவே_மணி
கேன் ஆசை இன்னும் இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். லீக்கை அடைக்கும் மருந்து கலந்த கேனைத் தொடாதீர்கள், அது எக்ஸ்பேன்ஷன் வால்வையும் சேர்த்து அடைத்துவிடும். என்ஜின் ஓடும்போது ஹை சைடு வால்வைத் திறந்தால் அழுத்தம் கேனுக்குள் திரும்பி ஏறி வெடிக்கலாம். கேனைத் தலைகீழாகப் பிடித்து லோ சைடில் விட்டால் திரவமாகவே கம்ப்ரஸருக்குள் போய் வால்வை உடைக்கும். இன்னொன்று, விலை சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் அதில் ப்ரொப்பேன், ப்யூட்டேன் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. கூலிங் நன்றாகவே வரும், ஆனால் கூலிங் காயில் கசிந்தால் அந்த எரிவாயு நிரம்புவது நீங்கள் உட்கார்ந்திருக்கிற கேபினில்.