பாஸ்கட்போல் கோர்ட்டில் நடந்து இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கல்லடிப் பிள்ளை:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடம். அதுவரை நெட்போல் விளையாடியவள் நான். அதில் பந்தோடு ஓட முடியாது என்பதால் பந்து கைக்கு வந்ததும் கால் தானாக நின்றுவிடும். அந்தப் பழக்கத்தை விடவே ஆறு மாதம் போயிற்று. கல்முனை அணியோடு போட்டி. ஒரு புள்ளி பின்னால் நிற்கிறோம், சில செக்கன்கள்தான் மிச்சம், எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிவது. ஒன்று ரிங்கின் இடது விளிம்பில் பட்டது, மற்றது வலது விளிம்பில். தோற்றுவிட்டோம்.

தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எங்கள் ஆட்கள் ஒருவரும் கிட்ட வரவில்லை. வந்தது அவர்களுடைய 9ஆம் இலக்க அக்காதான். ஜேர்சியில் இலக்கம் துணியில் வெட்டித் தைத்தது, ஒரு மூலை பிரிந்து தொங்கியது. ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. என் முழங்கையைப் பிடித்து உள்ளே தள்ளினா. "தங்கச்சி, இது வெளியால போகுது. அதான் பந்து நேர போகுதில்ல. இப்ப எறிஞ்சு பாருங்க." எறிந்தேன். வலையின் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள் அவர்களுடைய பஸ் ஹோர்ன் அடித்தது, ஓடிவிட்டா. பெயர்கூடக் கேட்கவில்லை. இப்போது நான் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். யாருடைய முழங்கையையாவது பிடிக்கும்போதெல்லாம் அந்தப் பிரிந்த 9தான் கண்ணுக்குள் வரும்.

அக்கரைப்பற்றான்:
எங்கள் பக்கம் கச்சான் என்ற வெப்பக் காற்று அடிக்கும் மாதங்கள் தெரியும்தானே. சீமெந்துக் கோர்ட்டில் வெறுங்காலை வைக்க முடியாது, எறிந்த பந்து காற்றில் விலகிப் போகும். நான் ஒரு சாண் தள்ளிக் குறி வைத்தே பழகினேன். கொழும்பில் முதன்முதலாக உள்ளரங்கில் விளையாடினேன். வாப்பாவும் பார்க்க வந்திருந்தார். காற்றே இல்லாத இடத்திலும் என் கை காற்றுக்கு இடம் விட்டது. மூன்று பந்தும் ஒரே பக்கமாகப் போயின. வாப்பா திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தார். கல்லடித் தங்கச்சி, இரண்டு ஃப்ரீ த்ரோ தவறியதற்கு அழத் தேவையில்லை. அதற்கு முன் விட்ட புள்ளிகளும் உண்டு.

ஏறாவூர் நடுவர்:
அக்கரைப்பற்றுத் தம்பி சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அழட்டும். அழாத பிள்ளை அடுத்த நாள் கோர்ட்டுக்கு வந்ததை நான் அதிகம் கண்டதில்லை. என் கதை சின்னது: லே அப், அதாவது ஓடிவந்து எழும்பி ரிங்குக்குக் கிட்டப் பந்தைப் போடுவது, போட்டு இறங்கும்போது இன்னொருவனின் காலில் மிதித்தேன், கணுக்கால் போனது, அத்தோடு விசிலை எடுத்துக்கொண்டேன்.

இப்போது விளையாடும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ரிங்கின் உயரம் 3.05 மீற்றர், குறுக்களவு 45 சென்ரிமீற்றர். பந்து அதில் பாதியளவுதான், இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் பந்தைத் தட்டையாக எறிந்தால் அந்த வாய் ஒடுங்கிவிடும். உயர்த்தி எறியுங்கள். பலம் தோளிலிருந்து அல்ல, முழங்காலிலிருந்து வர வேண்டும். ஃப்ரீ த்ரோவுக்கு 5 செக்கன் தருவார்கள், அதை முழுதாக எடுங்கள். மூச்சை விட்டபின் எறியுங்கள். களைத்துப் போன பிறகு பத்து எறிந்து பழகுங்கள், போட்டியில் அந்தக் களைப்போடுதான் கோட்டில் நிற்பீர்கள். இறங்கும்போது இரண்டு காலிலும் இறங்குங்கள். இதை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

புளியந்தீவான்:
ஏறாவூர் ஐயா, பழக்கியவர்களைப் பற்றி ஒரு சொல். எங்கள் மட்டக்களப்பில் பாஸ்கட்போல் பேச்சு வந்தால் அமெரிக்காவிலிருந்து வந்த யேசு சபைக் குருமாரைச் சொல்லாமல் விட முடியாது. வெபர் மைதானம் ஃபாதர் வெபரின் பெயரில்தான் இருக்கிறது. புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாஸ்கட்போல் பழக்கிய ஃபாதர் யூஜின் ஹேபர் 1990 ஆகஸ்ட் 15இல் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். அவரும் கூட வந்த இளைஞனும் வந்து சேரவேயில்லை.

எங்கள் அப்பா பந்தை எடுத்தால் மூன்று தரம் தரையில் தட்டி, கையில் சுழற்றி, காற்றடைக்கும் துளை தன் பக்கம் வந்த பிறகுதான் எறிவார். அறுபது வயதிலும் அப்படித்தான். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "ஃபாதர் பழக்கினது" என்றார். எந்த ஃபாதர் என்று நான் கேட்கவில்லை. அப்பா போய் நான்கு வருடம். பந்து வீட்டு விறாந்தையில் கிடக்கிறது, மாதம் ஒருக்கால் காற்றடித்து வைக்கிறேன்.