பரம்பரை ஈறு தடிப்பு: உங்கள் வீட்டில் நேர்ந்தது என்ன?

இரு பிள்ளைகளின் தாய்:
மகனுக்கு ஒன்பது வயதாகியும் மேல் முன்பற்கள் முளைக்கவில்லை. எக்ஸ்ரேயில் பற்கள் எல்லாம் இருந்தன. கெட்டியான ஈறு அவற்றை மூடியிருந்தது. முதலில் பார்த்த மருத்துவர் சரியாகப் பல் துலக்காததால் வந்த வீக்கம் என்றார்; அதை நம்பி ஆறு மாதம் பிள்ளையைத் திட்டினேன். அடுத்த மருத்துவர் அவனைப் பார்த்து முடித்ததும் என் மாமியார் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்கள் கொஞ்சம் சிரியுங்கள்" என்றார். அவர் வழக்கம்போல் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அதை இத்தனை காலமும் கூச்சம் என்றே எண்ணியிருந்தோம். தலைப்பை விலக்கியபோது பற்களின் நுனி மட்டும் அரிசிமணி போலத் தெரிந்தது. என் கணவருக்கும் இலேசாக இருப்பது அன்றுதான் தெரிந்தது. விடுமுறையில் மகனுக்கு ஈற்றை வெட்டிச் சீராக்கப் போகிறார்கள்.

வலிப்பு நோயாளியின் சித்தப்பா:
முதல் மருத்துவரை மட்டும் குறை சொல்வது சரியன்று; இது மிக அரிதானது. எங்கள் பெண் வலிப்புக்கு ஃபெனிடாய்ன் மாத்திரை சாப்பிட்டதால், ஈறு வளர்ந்தபோது மாத்திரையின் மேலேயே பழியைப் போட்டோம். மாத்திரையை மாற்றியும் குறையவில்லை. ஈற்றில் சிறு துணுக்கை எடுத்துச் சோதித்த பயாப்ஸியில் அடர்ந்த நார்த்திசு என்று மட்டுமே வந்தது. அதை வைத்து மருந்தா பரம்பரையா என்று பிரிக்க முடியாது என்றார்கள். அவள் அப்பாவான என் அண்ணனின் ஈற்றைப் பார்த்த பிறகே முடிவானது. அழுக்கால் வீங்கிய ஈறு சிவந்து எளிதில் இரத்தம் கசியும். பரம்பரையாகத் தடித்த ஈறு பெரும்பாலும் வெளிறி, விரலால் அழுத்தினால் கல்லாக இருக்கும். சைக்ளோஸ்போரின் (நோயெதிர்ப்பை அடக்குவது), அம்லோடிபின் (இரத்த அழுத்தத்துக்கானது) போன்ற மருந்துகளாலும் ஈறு தடிக்கும் என்பதால், வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் சொல்லுங்கள். ஈறு தடிப்போடு பல் எனாமலும் மெலிந்து மஞ்சளாக இருந்தால், சிறுநீரகத்தை ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேளுங்கள்; பல்லையும் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பாதிக்கும் மரபுநோய் ஒன்று உண்டு.

இருமுறை வெட்டிக்கொண்டவன்:
சகோதரி, ஒருமுறை வெட்டினால் தீர்ந்துவிடும் என்று எண்ணாதீர்கள். எனக்குப் பதினொரு வயதில், வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, வாரத்துக்கு ஒரு பகுதியாக வெட்டினார்கள். முதல் பகுதியின் மேல் அப்பியிருந்த மருந்துப்பூச்சை எடுத்த அன்று, என் நாக்கு முதன்முறையாக ஒரு பல்லின் முழு உயரத்தையும் தடவியது. பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் தடவிக்கொண்டே போனேன். ஆனால் பத்தொன்பது வயதில் மறுபடியும் மூடிவிட்டது. இரண்டாம் முறை லேசரில் செய்தார்கள், இரத்தம் குறைவாகவே வந்தது. நிலைப்பற்கள் எல்லாம் முளைத்த பின் செய்வது நல்லது என்பார்கள். ஆயினும் உங்கள் மகனைப் போல் பற்கள் புதைந்தே கிடந்தால் காத்திருக்க வேண்டாம். என் மகளுக்கு இது வர இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. அவளுக்கு ஆறு வயது. கீழ் முன்பல் ஆடுகிறது. தினமும் இரவில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.