சந்தகை பிழிந்த ஞாயிற்றுக்கிழமை

பெருந்துறையிலிருந்து சென்னிமலை போகும் சாலையில் இறங்கி ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்தால் எங்கள் ஊர் வரும். திருமணமாகி இந்த வீட்டுக்கு வந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. அத்தை, என் கணவர், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகன், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், இரண்டு கறவை மாடுகள், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இரண்டரை ஏக்கர் நிலம் என்று என் நாள்கள் இவற்றைச் சுற்றியே போகின்றன. சென்ற புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறையில் நடந்ததை மறப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று பல நாள்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணவர் சிப்காட்டில் ஓர் ஆலையில் ஷிப்டு மாற்றி வேலை செய்கிறார். ஒரு வாரம் காலை ஆறு மணிக்குப் போவார், மறு வாரம் பிற்பகல் இரண்டு மணிக்கு, அதற்கடுத்த வாரம் இரவு பத்து மணிக்கு. மகனுக்குப் பள்ளி முடிந்ததும் டியூஷன், மகளுக்குச் சனி, ஞாயிறுகளில் இந்தி வகுப்பு. அத்தை பொழுது சாய்ந்த உடனே சாப்பிட்டுவிடுவார். ஒரு நாள் நினைத்துப் பார்த்தால், காலையில் வைத்த தட்டைப்பயறுக் குழம்பை இரவுக்குள் நான்கு முறை சூடுபண்ணியிருக்கிறேன். ஐந்து பேரும் ஒரே குழம்பைத்தான் சாப்பிட்டோம், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சாப்பிடவில்லை. யார்மீதும் குறை சொல்ல முடியாது, எல்லோரும் அவரவர் வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனாலும் அடுப்பின் முன் நின்றபடி அன்று மனம் கனத்துப் போனது.

அந்த நாள்களில் மகனைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொண்டது. ஐந்தரை மணிக்கு வர வேண்டியவன் ஆறரை மணிக்கு வந்தான், சில நாள்களில் ஏழு மணியும் ஆனது. கேட்டால், "பஸ்ஸ விட்டுட்டேன்ங்மா" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. டியூஷன் ஆசிரியரிடம் கேட்டால், அங்கிருந்து நேரத்துக்கே கிளம்பிவிடுகிறான் என்றார். பதினாறு வயதுப் பையனைத் துருவித் துருவிக் கேட்டால் இன்னும் இறுகிப்போவான் என்று எனக்குத் தெரியும். கேட்காமலும் இருக்க முடியவில்லை. மாட்டுக்குத் தீவனம் வைக்கும்போதும், பால் சொசைட்டியில் வரிசையில் நிற்கும்போதும் எனக்கு அதே நினைவுதான்.

எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் முழுவதும் கறி எடுப்பதில்லை. அந்த மாதத்து ஞாயிறுகளுக்கென்று அத்தை காலத்திலிருந்து வந்த பழக்கம் சந்தகை, அதாவது வீட்டிலேயே அச்சில் பிழிந்தெடுக்கும் அரிசிச் சேவை. நான் வந்த புதிதில் அத்தையும் நானும் அவருடைய மாமியாரும் சேர்ந்துதான் பிழிவோம். சில ஆண்டுகளாக அத்தைக்குத் தோள்பட்டை வலி வந்ததும் அந்த வழக்கம் மெல்ல நின்றுபோனது. மளிகைக் கடையில் காய்ந்த சேவைப் பாக்கெட் கிடைக்கிறது, வெந்நீரில் போட்டு எடுத்தால் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். அதன் ருசியைப் பழிக்க மாட்டேன், அவசரத்துக்குப் பலமுறை உதவியிருக்கிறது. ஆனால் அதைச் செய்ய ஓர் ஆளே போதும், சந்தகைக்கோ குறைந்தது மூன்று பேர் வேண்டும். அந்த வாரம் கணவருக்கு விடுமுறை, மகளுக்கும் வகுப்பு இல்லை என்று தெரிந்ததும், சனிக்கிழமை இரவே பரண்மேல் ஏறி, மூன்று கால் வைத்த சந்தகை அச்சைத் துணி பிரித்து இறக்கினேன். "இதெதுக்கு கண்ணு இப்ப?" என்று அத்தை கேட்டார், கேட்டுக்கொண்டே அச்சின் துளைகளில் அடைந்திருந்த பழைய மாவைத் துடைப்பக் குச்சியால் குத்தி எடுக்கவும் தொடங்கிவிட்டார்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது. இட்லிக்குப் போடும் புழுங்கல் அரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, உப்பு மட்டும் சேர்த்து வழுவழுவென்று அரைக்க வேண்டும். உளுந்து கிடையாது, புளிக்கவும் விடக்கூடாது. அரைத்த உடனே இட்லித் தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைத்து, ஈர விரலால் தொட்டுப் பார்த்து ஒட்டவில்லை என்றால் எடுத்துவிடலாம். அதற்குப் பிறகுதான் அவசரம். சுடச்சுட இருக்கும்போதே நான்கு நான்காக அச்சுக்குள் போட்டுப் பிழிந்துவிட வேண்டும், ஆறினால் இட்லி இறுகி, கைப்பிடியைச் சுற்றவே முடியாது. ஆகவே ஒருவர் அடுப்பிலிருந்து எடுத்துப் போட, ஒருவர் கைப்பிடியைச் சுற்ற, இன்னொருவர் கீழே தட்டைப் பிடித்து இழைகள் ஒரே இடத்தில் குவியாமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓர் ஈடு முடியும்வரை யாரும் இடத்தைவிட்டு நகர முடியாது.

அன்று நான் அடுப்பில் நின்றேன். மகன் கைப்பிடியைப் பிடித்தான், மகள் தட்டைப் பிடித்தாள். அத்தை கீழே அமர்ந்து தேங்காய்ப்பாலுக்குத் தேங்காய் துருவினார். கணவர் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, தாளிப்பதற்குச் சின்ன வெங்காயம் உரித்தார். முதல் ஈட்டில் மகன் வேகமாகச் சுற்றியதில் இழைகள் அறுந்து அறுந்து விழுந்தன. "மெதுவா சுத்து சாமி, அது பாட்டுக்கு வரும்" என்று அத்தை சொன்னார். இரண்டாம் ஈட்டில் அவனுக்குக் கை பழகிவிட்டது. அச்சின் அடியிலிருந்து வெள்ளை இழைகள் ஆவி பறக்க ஒரே சீராக இறங்கின. மகள் தட்டைச் சுழற்றச் சுழற்ற அவை கூடு கட்டியதுபோல் வட்டமாகப் படிந்தன. "அண்ணா, நிறுத்தாத, நிறுத்தாத" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மகன் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தபடி சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து வெகு நாள்கள் ஆகியிருந்தன.

மூன்றாம் ஈடு வேகும் இடைவெளியில்தான் அது வெளியே வந்தது. யாரும் அவனைக் கேட்கவில்லை. கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "வாய்க்கால் பாலத்துல உக்காந்திருப்பேன்ங்மா, அதான் லேட்டாகுது" என்றான். ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடவே படித்த நண்பன் பத்தாம் வகுப்பு முடிந்ததும் வேறு பள்ளியில் வணிகவியல் பிரிவில் சேர்ந்துவிட்டான். இருவர் பேருந்தும் வேறு வேறு பக்கம் போகின்றன. நடுவில் இருவருக்கும் பொதுவாக இருப்பது அந்தப் பாலம் ஒன்றுதான். ஒருவன் வரும்வரை மற்றவன் அங்கே காத்திருப்பானாம். புதிய பள்ளி, புதிய பாடங்கள், புரியாத இயற்பியல் எல்லாவற்றையும் அங்கே அமர்ந்துதான் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். அதை ஏன் மறைத்தான் என்று நான் கேட்கவே தேவையில்லை. வாய்க்கால் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவைத்தவள் நான்தான்.

என் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடும் அந்த வாய்க்காலில் முழு அளவில் திறந்தால் தலைப்பில் வினாடிக்கு 2,300 கன அடி வரும். மேலே பார்த்தால் அமைதியாகப் போவதுபோல் இருக்கும், அடியில் இழுப்பு அதிகம், சரிந்த கரையில் பாசி பிடித்திருந்தால் இறங்கியவர் ஏறுவதும் கடினம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் குளிக்க இறங்கிய ஒரு பையனை நாங்கள் பறிகொடுத்தோம். அவன் தாயின் அழுகுரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் இதே தண்ணீர்தான் எங்களுக்குச் சோறு. மழை பொய்க்காத ஆண்டுகளில் ஆகஸ்ட் 15 வாக்கில் திறந்து 120 நாள் விடுகிறார்கள். ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு போகம் நெல்லுக்கு விட்டால், இரட்டைப்படை மதகுகளுக்கு அடுத்த போகத்தில் கடலை, எள்ளுக்கு விடுவார்கள். மறு ஆண்டு அது மாறும். இந்த முறை நெல் எங்கள் பக்கம். தண்ணீர் வந்த சில வாரங்களிலேயே கிணற்றில் ஊற்று ஏறிவிடும். அணை கட்டி முடித்த 1955-இல்தான் தானும் பிறந்ததாக அத்தை பெருமையாகச் சொல்வார். தண்ணீர் வரும் அன்று பாலத்துக்குப் போய்ப் பூவும் மஞ்சளும் விட்டுக் கும்பிட்டு வருவது அவர் வழக்கம். கும்பிடும் தண்ணீரையும் பயப்படும் தண்ணீரையும் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை. போகாதே என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

அந்த இடத்தில் என் கணவர் நடந்துகொண்ட விதத்தை நான் நன்றியோடு நினைக்கிறேன். அவர் கோபப்படவில்லை. வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "படியில எறங்குவீங்களா?" என்று மட்டும் கேட்டார். "இல்லீங்ப்பா, மேல செவுத்து மேலதான்" என்றான் மகன். "செவுத்து மேலயும் வேண்டாம், பக்கத்துல பிள்ளையார் கோயில் திண்ணை இருக்குதில்ல, அங்க உக்காருங்க" என்றார். அத்தை தலை நிமிராமல், "அந்தப் பையனயும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வா சாமி, சந்தகை திங்கட்டும்" என்றார். அதற்குள் மூன்றாம் ஈடு வெந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கியதை இட்லிச் சட்டியின் ஆவி மறைத்துவிட்டது.

அன்று காலை ஒன்பதரை மணிக்கு ஐந்து பேரும் சமையலறைத் தரையிலேயே அமர்ந்து சாப்பிட்டோம். முதல் தட்டு, வெல்லமும் ஏலக்காயும் கொஞ்சம் கசகசாவும் சேர்த்து அரைத்த தேங்காய்ப்பாலில். அடுத்தது எலுமிச்சை பிழிந்து, கடலைப்பருப்பும் வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்தது. மிஞ்சியதைப் புளிக்காய்ச்சலில் கிளறி மதியத்துக்கு வைத்தேன். மகன் தேங்காய்ப்பாலை மூன்று முறை கேட்டு வாங்கினான். எந்த வேலையும் அந்த ஒரு மணி நேரத்தில் எங்களை அழைக்கவில்லை. பெரிய சந்தோஷங்களைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் பிள்ளைகள் இருவரும் வெல்லம் ஒட்டிய விரலை நக்கிக்கொண்டு எழுந்ததைப் பார்த்தபோது எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிறாவது அச்சு இறங்குகிறது. நண்பனும் இரண்டு முறை வந்து கைப்பிடி சுற்றிவிட்டுப் போனான், நல்ல பலசாலி. மாலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது நானும் பாலத்தின் அருகே ஐந்து நிமிடம் நிற்கப் பழகிக்கொண்டேன். திண்ணையில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பது தூரத்திலிருந்தே தெரியும். நான் அருகில் போவதில்லை. நிறைந்து ஓடும் தண்ணீரில் மாலை வெயில் விழுவதையும், கரையில் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்களையும் பார்த்துவிட்டுக் காலிக் கேனோடு வீட்டுக்கு நடப்பேன். 19 ஆண்டுகளாக அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன், நின்று பார்த்தது இந்த ஆண்டுதான்.

டிசம்பர் நடுவில் தண்ணீரை நிறுத்தினார்கள். அடியில் அங்கங்கே தேங்கிய குட்டைகளில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் இறங்கி மீன் பிடித்தார்கள். அன்று மாலை மகன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். சேறு அப்பிய காலோடு வாசலிலேயே நின்று, பள்ளிக்குக் கொண்டுபோன சாப்பாட்டு டப்பாவை என்னிடம் நீட்டினான். திறந்தால் உள்ளே இரண்டு ஜிலேபிக் கெண்டை. மார்கழி பிறக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, இன்றைக்கே குழம்பு வைத்துவிடு என்று அத்தை உள்ளிருந்தே சொன்னார். டப்பாவைப் புளி போட்டும் சாம்பல் போட்டும் மூன்று நாள் தேய்த்தேன்.