புதுப்பிப்பு: ஐரிஷ் மொழியில் எதிர்காலம்

ஐரிஷ் வினைச்சொற்களை எதிர்காலத்துக்கு எப்படி மாற்றுவது, ‘என்றால்’ வரும் இடத்திலும் எதிர்காலம் வருமா என்று இதே இழையில் முன்பு கேட்டிருந்தேன். இப்போது இரண்டும் பிடிபட்டுவிட்டன.

நமக்கு வருவேன், நடப்பேன் என்று வகை பிரிவது போல அங்கும் வினைகள் பிரிகின்றன. முதல் வகையில், எழுத்தில் ஓர் ‘எஃப்’ சேரும். பேச்சில் அது பெரும்பாலும் ‘ஹ்’ ஆகிவிடும். ‘கிர்’ என்றால் வை, ‘கிர்ஹி மே’ என்றால் வைப்பேன். இரண்டாம் வகையில் நீண்ட ‘ஓ’ வரும். ஒழுங்கற்ற வினைகள் பதினொன்றுதான். அவற்றை மனப்பாடம் செய்துவிடுங்கள், வேறு குறுக்குவழி இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது கேள்வியின் விடைதான். ‘அவன் வந்தால்’ என்பதற்கு ‘மா ஹகன் ஷே’: ‘மா’வுக்குப் பின் நிகழ்காலம்தான் வரும், எதிர்காலம் வராது. ஆனால் ‘அவன் வரும்போது’ என்றால் ‘நூர் அ ஹுகி ஷே’, அதாவது முழு எதிர்காலம். வருவானா என்பதே சந்தேகம் என்றால் ஒன்று, வருவது உறுதி, நேரம்தான் தெரியாது என்றால் இன்னொன்று. எவ்வளவு நுட்பம்!

அப்புறம், ஆம், இல்லை என்பதற்குத் தனிச்சொல் கிடையாது. ‘வைப்பாயா?’ என்றால் வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும்: ‘கிர்ஹி’. மறுப்பதென்றால் முன்னால் ‘நீ’ என்ற ஐரிஷ் மறுப்புச் சொல்லைச் சேர்த்து (நம் ‘நீ’ அல்ல), முதல் மெய்யை மென்மையாக்க வேண்டும். நாமும் ‘வருவாயா?’ என்றால் ‘வருவேன்’ என்றுதானே சொல்கிறோம்? தமிழர்களுக்கு இது சட்டென்று வந்துவிடும்.