‘கிஸ் கட்’ என்பதைக் ‘கீறுவெட்டு’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

ஸ்டிக்கர் அச்சிடலில், மேல்தாளை மட்டும் வெட்டி அடியில் உள்ள தாளை வெட்டாமல் விடுவதைக் ‘கிஸ் கட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நம் உரையாடலில் இதுவரை முத்தவெட்டு, அரைவெட்டு, மேல்வெட்டு என மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றை எடைபோடும் முன் வெட்டப்படும் பொருளைச் சற்றுக் கிட்டத்தில் பார்த்துவிடுவது நல்லது. கத்தி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே இங்கு ஒரு சொல் பொருந்தும் அல்லது பொருந்தாமல் போகும்.

தானே ஒட்டும் லேபிளில் மேலே அச்சேறும் முகத்தாள், அதன் முதுகில் பசை, அதற்கும் கீழே சிலிக்கோன் பூசிய வழவழப்பான அடித்தாள் என்று அடுக்குகள் இருக்கின்றன. கத்தி முகத்தாளையும் பசையையும் அறுத்துவிட்டு, அடித்தாளைத் தொட்ட அளவில் நின்றுவிட வேண்டும். அடித்தாளின் தடிமன் பெரும்பாலும் 60 மைக்ரானை ஒட்டியே இருக்கும், அதாவது ஒரு தலைமுடியின் கனம்தான். அதன் மேலுள்ள சிலிக்கோன் பூச்சோ ஏறத்தாழ 1 மைக்ரான். அந்தப் பூச்சு கிழிந்தால் பசை தாளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கத்தி இன்னும் சற்று இறங்கினால், லேபிள் ஒட்டும் இயந்திரம் இழுக்கிற இழுப்பில் சுருளே அறுந்துவிடும். ஒருமுறை மருந்துப் புட்டிகளுக்கான லேபிள் சுருள் ஒன்று இப்படி ஓரிடத்தில் உரியாமல் சிக்கிக்கொண்டே இருந்தது. லேபிள்களை உரித்துவிட்டு அடித்தாளின் மேல் மார்க்கர் மையைத் தேய்த்துத் துடைத்தோம். பூச்சு நன்றாக இருந்த இடமெல்லாம் மை ஒட்டாமல் வந்துவிட, ஒரு மூலையில் மட்டும் லேபிளின் வளைவு நீலக் கோடாக நின்றது. கத்தி அங்கே மட்டும் அழுத்தமாக விழுந்திருக்கிறது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ‘அரைவெட்டு’ என்பது கடைத்தெருவில் வழங்கும் ‘ஹாஃப் கட்’டின் நேர் வடிவம் என்பதால் எளிதில் பரவக்கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே எதுவும் பாதியாக வெட்டப்படுவதில்லை. முகத்தாள் முழுமையாக வெட்டுப்படுகிறது, அடித்தாள் சிறிதும் வெட்டுப்படுவதில்லை. போதாததற்கு, அரைவேக்காடு, அரைகுறை என்று பழகிய காதுக்கு இச்சொல் முடிக்காமல் விட்ட வேலையைத்தான் நினைவூட்டும். ‘முத்தவெட்டு’ பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. எழுத்தச்சுக் காலத்தில் தாளின் மேல் அச்செழுத்து பட்டும் படாமலும் பதிவதை ஆங்கிலத்தில் முத்தம் என்றார்கள்; அந்த உவமை தமிழில் நமக்கு எதையும் விளக்கவில்லை, மேலும் இரவுப்பணியில் நிற்கும் ஒருவர் அச்சொல்லை உரக்கச் சொல்லும்போது பக்கத்தில் நிற்பவர் சிரிக்காமல் இருக்க மாட்டார்.

‘மேல்வெட்டு’ இவ்விரண்டையும் விடத் தெளிவானது என்றாலும், புத்தகக் கட்டுமானத்தில் மேல் விளிம்பைச் சீவுவதாகவும் அது பொருள்படும். ஒரே அச்சகத்தில் இரண்டு வேலையும் நடக்கும்போது இது தொல்லைதான்.

நான் முன்வைப்பது ‘கீறுவெட்டு’. எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் காயை நான்காகக் கீறச் சொல்லும்போது, காம்பு வெட்டுப்படாமல் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதை யாரும் தனியாக விளக்குவதில்லை. கீறு என்ற வினைக்குள்ளேயே அது அடங்கியிருக்கிறது. அந்தக் காம்பின் வேலையைத்தான் இங்கே அடித்தாள் செய்கிறது. அடித்தாளோடு சேர்த்து வெட்டுவதை ‘முழுவெட்டு’ என்று வைத்துக்கொண்டால் இணையும் அமைந்துவிடும்.

இதற்கு ஒரு தடை எழும் என்பதை அறிவேன். அச்சுத் தகட்டில் (பிளேட்டில்) தவறுதலாக விழும் கோட்டையும் நாம் கீறல் என்றுதான் சொல்கிறோம்; அது அச்சில் ஒரு பிழை. அதே வேரிலிருந்து ஒரு செயல்முறைக்கும் பெயரிட்டால் குழப்பம் வராதா? ‘கீறல்’ என்ற பெயர்ச்சொல்லைப் பிழைக்கு விட்டுவிட்டு, ‘கீறுவெட்டு’ என்ற வினைத்தொகையை மட்டும் செயலுக்கு வைத்தால் வராது என்று எண்ணுகிறேன். அடித்தாளில் கத்தி பட்ட பிழையைக் ‘கத்தித்தடம்’ எனலாம். மார்க்கர் மையில் தெரிவதும் ஒரு தடம்தானே.

பழைய அச்சகத் தமிழில் இதற்கு ஏன் சொல் இல்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். சிவகாசியில் 1920-களில் தீப்பெட்டித் தொழில் தொடங்கி, அதையொட்டி லேபிள் அச்சு வளர்ந்த காலத்தில், லேபிள் என்பது பசை தடவிப் பெட்டியில் ஒட்டிய வெறும் தாள். அடித்தாளே இல்லாதபோது அதை விட்டு வெட்டும் வேலையும் இல்லை. தானே ஒட்டும் லேபிளை அமெரிக்காவில் ஸ்டான்டன் ஏவரி 1935-இல் உருவாக்கினார். அது பின்னர் இங்கே வந்தபோது சொற்களும் அதனுடனேயே வந்து இறங்கின. பசை தடவுவதை லேபிள் என்றும் உரித்து ஒட்டுவதை ஸ்டிக்கர் என்றும் தொழிலில் பிரித்துச் சொல்வது இன்றும் காதில் விழுகிறது.

லேபிளை வேண்டிய வடிவில் வெட்டும் கருவியான ‘டை’ என்பதற்கு முன்வைக்கப்பட்ட ‘வெட்டச்சு’ என்ற சொல்லை ஏற்கிறேன்; வெறும் ‘அச்சு’ என்றால் அச்சிடுவதோடு கலந்துவிடும். வேலைச்சீட்டில் இப்படி எழுதிப் பார்த்தேன்: “வட்ட வெட்டச்சு, கீறுவெட்டு, ஒவ்வொரு சுருளின் தொடக்கத்திலும் கத்தித்தடம் பார்க்கவும்.” இதை அச்சகத்தில் வேலை செய்யும் யாரிடமாவது படிக்கக் கொடுத்து, எந்தச் சொல்லில் தயங்குகிறார் என்று எழுதுங்கள்.