புதுப்பிப்பு: டி-34 டாங்கி மாடலின் வினைல் டிராக் சக்கரங்களின் மேல் படியாத சிக்கல் தீர்ந்தது

1/35 அளவு டி-34 (சோவியத் டாங்கி) மாடலில், சக்கரங்களைச் சுற்றி ஓடும் பட்டையான டிராக்கின் மேற்பகுதி சக்கரங்களைத் தொடாமல் விறைப்பாக நிற்கிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

முதலில், சக்கரங்களின் உச்சியில் சூப்பர் குளூ வைத்து ஒட்டும் யோசனையைச் செய்து பார்த்தேன். பசை பிடித்தது, ஆனால் வினைலின் இழுவிசையில், சக்கரத்தின் மேலிருந்த பெயின்ட் படலமே உரிந்து டிராக்கோடு வந்துவிட்டது. ஒட்டும் இடத்தில் பெயின்டைச் சுரண்டியிருந்தால் நின்றிருக்கலாம்.

பலன் தந்தது கம்பி யோசனைதான். டிராக்கின் மேற்பகுதிக்குச் சற்று மேலே, உடற்பகுதியின் பக்கச் சுவரில், ஒவ்வொரு சக்கரத்துக்கும் நேராகத் துளையிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பித் துண்டுகளைச் செருகியதும், அவை டிராக்கைக் கீழே அழுத்திச் சக்கரங்களின் மேல் படிய வைத்தன. டி-34இல் டிராக்கைத் தாங்கும் மேல் உருளைகள் இல்லாததால் இந்தத் தொய்வு இல்லாமல் மாடல் பொம்மைபோல் தெரியும். மேலே நீண்டிருக்கும் சரிவுச் சுவர் கம்பிகளை முற்றிலும் மறைத்துவிடுகிறது.

எதிர்பாராதது ஒன்று: கீழே அழுத்தும்போது டிராக்கின் நீளம் போதாமல், முன்புற வழிகாட்டிச் சக்கரத்தின் அச்சு பின்னோக்கி வளையத் தொடங்கியது. ஆகவே அச்சை முன்கூட்டியே ஒட்டாமல், டிராக்கை மாட்டிய பிறகு, உண்மையான டாங்கியில் இறுக்கம் சரிசெய்வதுபோலவே அச்சைத் திருப்பி, தேவையான தளர்ச்சி கிடைத்ததும் ஒட்டுவது நல்லது.