விண்டோ டிரெஸ்ஸிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

கணக்கியல் பாடம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், இந்த ஒரு சொல்லிலேயே ரெண்டு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன், யாராவது கை கொடுங்கள். துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைக்குப் பட்டுப்புடவை கட்டி விளக்குப் போட்டு வைக்கிறார்களே, அதுதான் நேர்ப்பொருள். சரி, அதில் சிக்கல் இல்லை. என் பாடத்தில் வருவது வேறு: மார்ச் 31-ஆம் தேதி இருப்புநிலைக் குறிப்பில் (அன்றைக்கு நிறுவனத்திடம் என்ன இருக்கிறது, எவ்வளவு கடன் என்று காட்டும் பட்டியல்) கையிருப்புப் பணம் அதிகமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒரு நிறுவனம் கடைசி வாரம் கொடுக்க வேண்டிய பில்களையெல்லாம் நிறுத்தி வைத்துவிட்டு ஏப்ரல் பிறந்ததும் கொடுக்கிறது. ஒரு ரசீதும் பொய் இல்லை, ஆனால் பார்க்கிறவருக்குக் கிடைப்பது நிஜ நிலவரமும் இல்லை.

முதலில் 'கண்துடைப்பு' என்று போட்டேன், ஆனால் அது ஏதோ நடவடிக்கை எடுத்த மாதிரி காட்டுவதற்குத்தானே வரும் (விசாரணைக் கமிஷன் என்றாலே நமக்கு அந்தச் சொல்தான்). 'ஜோடிப்பு' என்றால் கள்ளக் கணக்கு எழுதியதாகவே ஆகிவிடும். 'மேல்பூச்சு' பரவாயில்லை, ஓதம் ஏறிய சுவரில் சுண்ணாம்பு அடித்தது கண்ணில் வருகிறது, இருந்தாலும் பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கு அது கலைச்சொல்லாகத் தோன்றுமா? 'கணக்கு ஒப்பனை' என்று யாராவது எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? அப்புறம், இதையே வினைச்சொல்லாக எழுத வேண்டி வந்தால் எப்படி எழுதுவீர்கள் என்றும் சொல்லுங்கள்.